மச்சானுக்கு வந்த வண்டி

கேட்டது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வண்டி விஷயத்தில் எல்லோரும் சௌகரியமாக மறந்துபோனது அந்த ஒன்றைத்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தம்பியிடம், அவன் லீவுக்கு வருவதற்கு முன்னால், போனில் நான்தான் கேட்டேன். என்ன வேண்டும் என்று எழுத்துக் கூட்டிச் சொன்னதும் நான்தான்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். தேனி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் லேபில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். பகலெல்லாம் மீசை முளைத்த பையன்களுக்கு லேத்தில் திருகு மரை வெட்டக் கற்றுக்கொடுப்பேன். சாயங்காலம் பஸ் பிடித்துச் சின்னமனூர் வீட்டுக்கு வந்தால், மிக்ஸி பிளேடு கழன்றால்கூட, "இரு, ஆம்பளையாளு வரட்டும்" என்பார்கள். அந்த ஆம்பளையாளு என் வீட்டுக்காரர். வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். தார் பார்த்து விலை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் அதை வைத்து முதுகு சொறிவார்.

தேனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஏதோ பாடத்துக்குப் படம் தேடும்போதுதான் அந்த நைட்ரோ டிரக்கைப் பார்த்தேன். ஒரு முழ நீளம்தான். ரிமோட்டில் ஓடும். ஆனால் பேட்டரி பொம்மை கிடையாது. நிஜமான டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கட்டைவிரல் பருமனில் பிஸ்டன், கார்புரேட்டர், கிளட்ச், சைலன்சர் எல்லாம் உண்டு. பெட்ரோலுக்குப் பதிலாக மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த ஒரு எரிபொருள். அதைத் துண்டு துண்டாக, ஒரு பெட்டியில் போட்டு, நீயே கட்டிக்கொள் என்று விற்கிறார்கள். நான் படித்த படிப்பு முழுக்க ஒரு பெட்டிக்குள் வருகிறது என்று தோன்றியது. எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு சாமான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

தம்பி வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பட்டு வேட்டி, அதற்கு மேல் அந்தப் பெட்டி. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தட்டை இரண்டு கையாலும் தூக்கி என் வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

"மச்சான், இது ஒங்களுக்கு."

அவரும் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, முறையாக வாங்கிக்கொண்டார். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கிளம்பும்போது தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நாந்தானடா கேட்டேன்?"

"ஒன் வீட்டுக்குத்தானக்கா குடுத்திருக்கேன். மச்சானுக்குக் குடுத்தா ஒனக்குக் குடுத்த மாதிரிதான? ஒங்கைல நீட்டுனா அவுக என்ன நெனப்பாக?"

பிறந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் மாப்பிள்ளை கையில்தான் கொடுக்க வேண்டும். முறை அது. முன்னால் சீராக அண்டா வந்தபோது எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது.

அன்று சாயங்காலமே அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே வண்டி இல்லை. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் திருகு, பல்சக்கரம், கம்பி, பேரிங், தடித்த ஒரு விளக்கப் புத்தகம். ஒரு பையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"என்னடி இது, காருன்னு பாத்தா ஆணி மூட்டையா இருக்கு" என்று மூடிவைத்துவிட்டு டிவியைப் போட்டார். பெட்டி பீரோ மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இறக்குவதற்கு அவருக்கு நேரம் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் நான் இறக்கினேன்.

கட்டின நாட்களைப் பற்றி மட்டும் எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்வேன். கறுப்புத் திருகு உருண்டோடினால் கண்ணில் படும். ஒரு நேரத்தில் ஒரு பைதான் பிரிப்பேன். பின்பக்க டிஃபரன்ஷியலில் கிரீஸ் தடவி மூடி, ஒரு பக்க அச்சைத் திருகினால் மறுபக்க அச்சு எதிர்ப்பக்கம் திரும்பும். லேபில் கரும்பலகையில் படம் போட்டுத் தொண்டை வற்ற நான் விளக்குகிற சங்கதி, என் இரண்டு விரலுக்கு நடுவில் நடந்தது. ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஊற்றி, காற்றுக்குமிழ் வெளியே வரும்வரை பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். அவசரப்பட்டால் குமிழ் உள்ளேயே நின்றுவிடும். கிளட்ச் பல்லுக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து நெருக்கி, இன்ஜின் திருகுகளை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவ வேண்டும். அந்தக் காகிதத்தின் கனம்தான் பல்லுக்கும் பல்லுக்கும் இருக்க வேண்டிய இடைவெளி. இன்ஜின் அதிர்வில் திருகு கழலாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுப் பசை. எதையும் நான் விடவில்லை.

மாமியார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பார். "ஏத்தா, இம்புட்டுத் திருகும் எங்கன போகும்?" என்பார். போகிற இடத்தைக் காட்டுவேன். அவருக்கு எல்லாம் தெரியும். யார் கட்டினார்கள் என்று கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கடைக்கு வருகிற ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்திருந்தார். மேசையில் பாதி நிற்கிற வண்டியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"மச்சினன் சிங்கப்பூர்லருந்து கொண்டாந்தது. கட்டிக்கிட்டிருக்கேன்."

கட்டிக்கிட்டிருக்கேன்! நான் டீ டம்ளரை வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி சிரித்துக்கொண்டே என் பக்கம் கை காட்டுவார் என்று நினைத்தேன். காட்டவில்லை. வியாபாரி போன பிறகு கேட்டேன்.

"நீங்க எப்பக் கட்டுனீக?"

"வீட்ல கட்டுனா நாங் கட்டுன மாதிரிதான? பொம்பள கட்டுறான்னு சொன்னா கேக்குறவன் என்னயப் பத்தி என்ன நெனப்பான்?"

தம்பி சொன்ன அதே வார்த்தை. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்க இவர்களுக்கு நேரம் இருந்தது. நான் என்ன நினைப்பேன் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அவர் அதையே சொன்னார், சொல்லச் சொல்ல வழவழவென்று வந்தது. கிளட்ச் பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசினார், தப்பாக. "எம்மகன் கட்டுறான்" என்று மாமியாரும் வாசலில் நின்று எதிர்வீட்டில் சொன்னார். வெண்டைக்காய் நறுக்கிய அதே மாமியார்.

கடைசியில் மேல்கூடு. கண்ணாடி மாதிரி இருக்கிற மெல்லிய பிளாஸ்டிக். அதற்குப் பெயின்ட்டை உள்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும். வண்டி உருண்டு புரண்டாலும் கீறல் வெளியே விழும், நிறம் போகாது. வாழை இலைப் பச்சை அடித்தேன். காய்ந்ததும் வெளியே இருந்து பார்த்தால் மழை பெய்து ஓய்ந்த தோட்டம் மாதிரி மின்னியது. மறுநாள் காலேஜ் விட்டு வந்து பார்க்கிறேன், அதன் முகத்தில் சிவப்பு ஸ்டிக்கர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் கொடுத்துத் தன் பெயரை வெட்டி, கூடவே கடைப் பெயரையும் போட்டு, தானே ஒட்டியிருந்தார். அந்த வண்டிக்காக அவர் கையால் செய்த ஒரே வேலை அது. அதுவும் கோணல்.

எரிபொருள் கோயம்புத்தூரில் ஒரு ஹாபி கடையிலிருந்து பார்சலில் வந்தது. நானே போன் பண்ணி வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக ஸ்டார்ட் செய்வது என்று முடிவானது. முடிவு செய்தது நான் இல்லை. புது வண்டி என்றால் பூஜை போடாமல் எப்படி என்று மாமியார் சொல்ல, அவருடைய கொழுந்தனார், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, மலையிலிருந்து இறங்கி வந்தார். மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவர். அவர் வந்தால் வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கூடவே பங்காளிகள் நாலைந்து பேர்.

வீட்டுக்குப் பின்னால், வாழைத்தோப்பு ஓரத்தில் நெல் காயப்போடுகிற சிமென்ட் களம். அங்கே வண்டியை வைத்துச் சந்தனம், குங்குமம், சின்னதாக ஒரு சரம் கதம்பம். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். வண்டி பழத்தின் மேல் ஏறி ஜம்மென்று நின்றுகொண்டது. ஒரு பழமும் நசுங்கவில்லை. சித்தப்பா கூட்டை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கப் போனார். ஷாக் அப்சார்பர் போய்விடும் என்று நான் பதறியதும், மாமியார் பழங்களை உருவிக் குதிகாலால் மிதித்துத் திசைக்கொன்றாக எறிந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அதோடு சரி.

புது இன்ஜினை எடுத்த எடுப்பில் விரட்டக் கூடாது. முதல் சில டேங்குகளை நிற்கவைத்து, எரிபொருளைத் தாராளமாக விட்டு, மெதுவாக ஓடவிட்டு, நடுவில் ஆறவிட வேண்டும். அப்போதுதான் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பழகும். இதை வீட்டுக்காரரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். டேங்கை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பவும் சொன்னேன்.

"நான் இல்லாம ஸ்டார்ட் பண்ணாதீக."

"சரி சரி. வந்தவகளுக்கு மொதல்ல டீயப் போடு. கேசரியையும் எடுத்தா."

போனேன். ஏன் போனாய் என்று கேட்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

டீ கொதிக்கும்போதே, இன்ஜினை ஸ்டார்ட் செய்கிற கயிற்றை இழுக்கிற சத்தம் கேட்டது. கர்ர்ரக், கர்ர்ரக் என்று. இன்ஜின் பிடிக்கிற சத்தம் வரவேயில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் படக்கென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. களத்தில் காலை வைத்ததுமே பெட்ரோல் வாடை. சித்தப்பா கையில் கைப்பிடியோடு அறுந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. சிமென்ட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. டேங்கில் நான் ஊற்றி வைத்திருந்த எரிபொருள்தான் அது, தரையில் கிடந்தது.

"பெட்ரோல் ஊத்துனது யாரு?" என்றேன்.

"நாந்தேன் ஆத்தா" என்றார் சித்தப்பா, பெருமையாக. "மோந்து பாத்தேன், சுத்த ஸ்பிரிட்டு வாடை. கம்பம் செக்போஸ்ட்ல புடிக்கிற சாமானைப் போயி எவனோ ஒங்க தலைல கட்டிட்டான். கீழ ஊத்திட்டு, மருந்தடிக்கிற ஸ்ப்ரேயருக்கு ஊத்துற மாதிரி பெட்ரோல்ல டூ டி ஆயிலக் கலந்து விட்டேன். எந்த டூ ஸ்ட்ரோக்கா இருந்தா என்ன, எல்லாம் ஒன்னுதேன? தோட்டத்துல எத்தன ஸ்ப்ரேயர் ஓட்டிருக்கேன்."

கயிறும் அப்படித்தான். ஸ்ப்ரேயர் கயிறு தோள்வரை வரும், இழு இழு என்று இழுக்கலாம். இது ஒரு சாண் இழுத்தால் போதும். அவர் தோள்வரை இழுத்திருக்கிறார். பெட்ரோல் இந்த இன்ஜினில் பிடிக்காது, சிலிக்கான் குழாயை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பெட்டியிலேயே படத்தோடு எச்சரிக்கை போட்டிருந்தது. கட்டினவர் படித்திருப்பார்தானே? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பங்காளிகளும் அவரைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, கட்டுனது சரியில்லையோ?" என்றார் ஒருத்தர்.

என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நா எங்க கட்டுனேன்? எல்லாம் இவதேன் கட்டுனா."

அத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து உண்மை வந்தது. ஒரு நொடி எனக்குப் புரியவேயில்லை. புரிந்ததும் காது இரண்டும் சுட்டது. ஓடும் என்று நினைத்தவரைக்கும் அது அவருடையது. நின்றுபோனதும் என்னுடையது.

"அதான பாத்தேன். பொம்பள முறுக்குன திருகு" என்றார் சித்தப்பா. அறுந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் தலையைக் குனிந்து மிதிபட்ட எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

டீத்தட்டைச் சிமென்ட்டில் வைத்தேன். வேண்டியவர் குனிந்து எடுத்துக்கொள்ளட்டும். வண்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று நான் கத்தவில்லை என்று இன்றைக்கும் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

அந்த வாரம் முழுக்க இன்ஜினைக் கழற்றிக் கழுவினேன். ஊதிப்போன குழாயை உருவி எறிந்துவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த துண்டைப் போட்டேன். கயிற்றுக்கு ஹார்டுவேர் கடையில் மெல்லிய நைலான் கயிறு வாங்கினேன். கயிறு சுற்றுகிற ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்து உள்ளங்கையைக் கிழித்தது. திரும்பச் சுருட்டி உட்கார வைத்தேன். பிஸ்டன் நன்றாக இருந்தது. திருகு ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. பொம்பள முறுக்கின திருகு.

லீவு போட்டுவிட்டு, அவர் கடைக்குப் போன பிறகு, களத்துக்குக் கொண்டுபோனேன். நான் ஊற்றினேன், நான் பிளக்கைச் சூடாக்கினேன், நான் இழுத்தேன். மூன்றாவது இழுப்புக்கோ நாலாவதுக்கோ பிடித்தது. விளக்கெண்ணெய் எரிகிற வாடையோடு நீலமாகப் புகை. தோப்பு முழுக்க அந்தச் சத்தம். மாமியார் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். நான் டேங்க் டேங்காக நிற்கவைத்து ஓட்டி, ஆறவைத்து, திரும்ப ஓட்டினேன். பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். சொல்வதற்கு வெட்கமில்லை, அழுதேன்.

"ஓடிருச்சேத்தா!" என்றார் மாமியார்.

"யாரு கட்டுனா அத்தே?" என்று கேட்டேன். அவர் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அடுத்த முறை சித்தப்பா ஒரு கல்யாணத்துக்கு இறங்கி வந்தபோது அதே பங்காளிகளோடு வீட்டுக்கும் வந்தார். களத்தில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பச்சை வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு, வளைவில் பின்பக்கத்தை வீசித் திரும்பியதைப் பார்த்து அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். என் வீட்டுக்காரர் வேகமாக வந்தார்.

"குடு, நான் காட்டுறேன்" என்று ரிமோட்டைக் கையிலிருந்து எடுத்தார். இரண்டு சுற்று ஓட்டினார்.

"பரவால்லையே மகனே, சரி பண்ணிட்டியே!" என்றார் சித்தப்பா.

என் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. லேசாகச் சிரித்தார். வண்டி பக்கத்தில் வந்து நின்றபோது குனிந்து, எரிபொருள் போகிற குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தேன். இன்ஜின் ஒரு தடவை வீறிட்டு, அணைந்தது.

"ஏன்டி நிப்பாட்டுன?"

"கட்டுனவுக ஸ்டார்ட் பண்ணட்டும்." பிளக்கைச் சூடாக்குகிற குச்சியை அவர் கையில் கொடுத்தேன். அதை அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே மாட்டுவது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நின்னுபோனப்ப ஒன்னு சொன்னீகளே, அதையே இப்பச் சொல்லுங்க."

"எத?"

"யாரு கட்டுனான்னு."

"சேந்துதான கட்டுனோம்..."

"எந்தப் பையப் பிரிச்சீக?"

பங்காளிகள் தோப்பைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே, தரைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "இவதேன் கட்டுனா."

"விடாத்தா" என்றார் சித்தப்பா. "வண்டிதேன் ஓடுதுல்ல. யாரு கட்டுனா என்ன?"

"அன்னைக்கு ஓடலைல மாமா, அன்னைக்கு மட்டும் பொம்பள முறுக்குன திருகுன்னு ஏன் சொன்னீக?" என்றேன். அவரிடம் அப்படி எதிர்த்துப் பேசின மருமகள் அந்தக் குடும்பத்தில் அதுவரை கிடையாது. குனிந்து ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். முழுசாக உரிந்து வந்தது. உள்பக்கம் அடித்த பச்சையில் ஒரு பொட்டுகூடப் போகவில்லை.

வீட்டுக்காரர் நாலைந்து நாள் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்று நானும் இருந்தேன். அந்த நாட்களில்தான் தம்பி போன் செய்தான். வழக்கம்போல நலம் விசாரித்துவிட்டுக் கேட்டான்.

"மச்சான் வண்டி எப்பிடிக்கா ஓடுது? அடுத்த தடவ வரும்போது மச்சானுக்கு வேறென்ன வாங்கிட்டு வரட்டும்?"

"மச்சானுக்கு ஒரு சட்டத் துணி வாங்கிட்டு வா. எனக்கு அந்த இன்ஜினுக்குக் கயிறு சுத்துற செட்டு ஒன்னு வாங்கிட்டு வா."

"சரிக்கா."

"கொண்டாந்து எங்கையில குடு."

"தட்டுல வச்சு மச்சான்ட்டதானக்கா குடுக்கணும்..." என்று இழுத்தான்.

"தட்ட நானே கொண்டாறேன். எல்லாரும் உக்காந்திருக்கப்ப, கூடத்துல வச்சு, எங்கையில குடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.